இரண்டு வாலாஜாக்களும் ஒரு கூட்ஸ் ஷெட்டும்

திருமால்பூர் லோக்கல் செங்கல்பட்டு வந்ததும் பாதிக்கு மேல் காலியாகிவிடுகிறது. கடற்கரையிலிருந்து நின்றுகொண்டே வந்தவனுக்கும் அங்கே ஜன்னலோரம் கிடைக்கும். மெயின் லைனை விட்டு வண்டி மேற்கே திரும்பி ஒற்றைப் பாதையில் ஏறியதும் அதன் நடையே மாறிவிடுகிறது. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று நாம் நிற்க வேண்டும், இல்லை அது நிற்க வேண்டும். வில்லியம்பாக்கம், பாலூர், பழையசீவரம் என்று ஊர்கள் வருகின்றன. இடப்பக்கம் பாலாறு தெரிந்தும் தெரியாமலும் கூடவே வருகிறது. ஆறு என்றால் பெரும்பாலும் மணலும் நாணலும்தான்.

அடுத்தது வாலாஜாபாத். இறங்கியவுடன் கண்ணில் படுவது பயணிகள் கூட்டமல்ல, கார்கள். வரிசை வரிசையாக, கண்ணாடியில் ஸ்டிக்கர் கூட உரிக்காத புதுக் கார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் செய்யப்பட்டு, வட இந்தியாவுக்கு ரயிலேறக் காத்திருப்பவை. நான் வந்தது இந்தக் கார்களுக்காக அல்ல. இந்த ஸ்டேஷனின் வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதிவிட வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாகவே இருக்கிறது. எழுதப்போவது இப்போதிருக்கும் பிராட் கேஜ் ஸ்டேஷனைப் பற்றியல்ல, இதே இடத்தில் இருந்து மறைந்துபோன மீட்டர் கேஜ் ஸ்டேஷனைப் பற்றி.

தனுஷ்கோடி ஸ்டேஷன் 1964 டிசம்பரில் ஒரே இரவில் கடலோடு போனது. அதைப் பற்றிப் படம் உண்டு, கட்டுரை உண்டு, இடிந்த சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுக்க தினமும் கூட்டம் உண்டு. வாலாஜாபாத் மாதிரி ஸ்டேஷன்கள் வேறு விதமாகப் போயின. ஒரு நாள் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிரித்தார்கள். அகலப் பாதை வந்தது. அதற்குத் தக்கபடி பிளாட்பாரத்தை உயர்த்த வேண்டியிருந்தது. சிக்னல், டிக்கெட், வண்டி எல்லாம் மாறின. ஊருக்கு ரயில் நின்றுபோகவில்லை, அதனால் யாருக்கும் இழப்பு தெரியவில்லை. செத்தவரின் பெயரையே பேரனுக்கு வைத்துவிட்டால் தாத்தாவைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது, அது போலத்தான் இதுவும். நாற்பதைத் தாண்டிய வாலாஜாபாத்காரர்களுக்குத்தான் அந்தப் பழைய ஸ்டேஷன் நினைவில் இருக்கும். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் முதல் வேலை.

ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்ததுமே பெஞ்சில் இருந்த பெரியவர் கேட்டார், "சார் ரயில்வேங்களா?"

"இல்லீங்க ஐயா. பழைய ஸ்டேஷனைப் பத்தி எழுதலாம்னு வந்தேன்."

"அதப் பத்தி எழுத இன்னா இருக்குது?"

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லக் கூடாது. "அப்போ ஸ்டேஷன் எப்படி இருந்தது?" என்றும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று பதில் வரும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். "வண்டியில என்ன ஏத்திக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்க வேண்டும். கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் காஞ்சிபுரம் போனது, டிக்கெட் இல்லாமல் போனது, பிடிபட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு அவராகவே கையை உயர்த்தி, காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "பெரிய பிரம்பு வளையம் ஒண்ணு இருக்குங்க. கீழ ஒரு தோல் பை தொங்கும். போர்ட்டர் தூக்கிப் புடிச்சிக்கினு நிப்பாரு. வண்டி நிக்காமப் போறப்ப டிரைவர் கையை உள்ள விட்டு வாங்கிக்குவாரு. தோள்ல மாட்டிக்கும். நாங்க பசங்க அதப் பாக்கவே வேலி மேல ஏறி நிப்போம்."

அந்தத் தோல் பைக்குள் இருப்பது ஓர் இரும்பு உருண்டை. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதாமல் இருப்பதற்கு ஏற்பாடே அந்த உருண்டைதான். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஜோடிக் கருவிகள் இருக்கும், இரண்டும் கம்பி வழியாக இணைந்தவை. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் உருண்டையை வெளியே எடுக்க வேண்டுமானால் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துச் சம்மதிக்க வேண்டும். ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பக்கம் திரும்ப உள்ளே போகும் வரை இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். டிரைவர் கையில் உருண்டை இருந்தால் அந்தப் பாதை அவருடையது. பெரியவருக்கு அந்த உருண்டையின் கதை தெரியாது, வளையம்தான் தெரியும். கருவியின் கதை பொறியியல் புத்தகங்களில் இருக்கிறது, அவற்றில் வேலி மேல் ஏறி நின்ற பையன்கள் இல்லை. நான் எழுதப்போகும் நூலுக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் வேண்டும்.

பேச்சுக்கு அடுத்தபடி காகிதம். காகிதத்தில் தேடப் போகிறவரை முதலில் குழப்புவது நவாப் முகமது அலி வாலாஜா. 1795இல் இறந்த ஆற்காட்டு நவாப். தன் பட்டப்பெயரை ஊர்களுக்குச் சூட்டிவிட்டுப் போய்விட்டார். பாலாற்றங்கரையில் இங்கே வாலாஜாபாத். அதே பாலாற்றின் மேல்பக்கம், ராணிப்பேட்டைக்கு அருகே வாலாஜாபேட்டை. அதற்கான ரயில் நிலையம் வாலாஜா ரோடு. தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் முதன்முதலாக ஓடியது 1856 ஜூலை 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து அந்த வாலாஜா ரோடு வரை. பழைய ஆவண அட்டவணைகளில் "வாலாஜா" என்று தேடினால் வந்து கொட்டுவதெல்லாம் அதன் கோப்புகள்தான். வாலாஜாபாத்தில் கேட்டால், "சவுத் இந்தியாவிலேயே மொதல் ரயில் இங்கதான் சார் வந்தது" என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பெருமை வேறு ஊருடையது. பாவம், நவாப்பின் மேல்தான் பழி.

வாலாஜாபாத்துக்கு உரிய கதை அதைவிடச் சிறியது. என் ரசனைக்கு அதுதான் விசித்திரமானது. 1862இல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்று ஒன்று தொடங்கியது. மெட்ராஸ் ரயில்வேயின் பெரிய பாதை அரக்கோணம் வழியாகப் போகிறது. காஞ்சிபுரமோ கோயிலும் தறியும் நெல்லும் யாத்ரீகர்களும் நிறைந்த ஊர். இரண்டையும் செலவு குறைவான, லேசான பாதை ஒன்றால் இணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1865இல் அரக்கோணம்–காஞ்சிபுரம் பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி மூன்றரை அடி. அதே 1865இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் மூன்றரை அடிப் பாதை ஓடத் தொடங்கியது. 1872இல் ஜப்பான் தன் முதல் ரயிலுக்கு எடுத்துக்கொண்டதும் அதே அளவுதான். ஜப்பானில் அது நாடு முழுக்கப் பரவியது. காஞ்சிபுரத்தில் பதினைந்து ஆண்டுகூட நிலைக்கவில்லை.

காரணம் கல்கத்தா. 1870இல் அங்கிருந்த வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்க, இந்தியாவின் சிறு பாதைகளுக்கு மீட்டர் அகலம் என்று முடிவு செய்தது. டிராம்வே கம்பெனி கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. மூன்றரை அடிப் பாதையை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். பிறகு காஞ்சிபுரத்திலிருந்து கிழக்கே செங்கல்பட்டு வரை நீட்டி, சவுத் இந்தியன் ரயில்வேயின் தெற்கு மெயின் லைனோடு கோத்தார்கள். அந்த நீட்சியில் முளைத்ததுதான் வாலாஜாபாத் ஸ்டேஷன். காஞ்சிபுரம் தண்டவாளம் மூன்று அகலங்களைப் பார்த்துவிட்டது, வாலாஜாபாத் இரண்டைத்தான் பார்த்தது.

ரயில் வருவதற்கு முன்பே இந்த ஊர் இரண்டு மூன்று ஜென்மம் எடுத்திருந்தது என்பதையும் நூலில் சொல்லியாக வேண்டும். 1763இல் நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரின் பகுதி இது. கம்பெனிப் பட்டாளம் தங்கியிருந்த ஊர். 1806 வேலூர்ப் புரட்சியை ஒட்டி, புதுத் தலைப்பாகை விவகாரத்தில் சிப்பாய்கள் கொந்தளித்த பாசறைகளில் வாலாஜாபாத்தும் ஒன்று. பட்டாளம் போன பின் கல்லறைகள் மிஞ்சின. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்து வெளியிட்டார். கையில் அந்தப் புத்தகத்தோடு ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் நடந்து பார்க்க வேண்டும். இறந்தவர்களின் வயதைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். போரில் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்த இளைஞர்கள்தான் அதிகம்.

ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். சவுத் இந்தியன் ரயில்வே பயணிகளுக்காகப் படங்களோடு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டுவந்தது. அதில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக, தங்க இடம் உண்டா, மாட்டு வண்டி கிடைக்குமா, ஊரில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், எந்தத் திருவிழா எப்போது, எந்த அதிகாரி அங்கே இருக்கிறார் என்று தலைப்புப் போட்டுத் தந்திருப்பார்கள். வரலாறு கடைசியில் ஒரு பத்திதான். நம் ஊர் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். முதல் நாற்பது பக்கம் சங்க காலம், பல்லவர், சோழர், பிறகு வாழ்த்துரைகள். ஊரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, சந்தைக்கு எது வந்தது என்பதைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள். ரயில்வே வழிகாட்டியின் அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால் இதே பாதையில் ஒரு ஸ்டேஷன் பின்னால் போனால், வெள்ளைக்காரர்களுக்கு எட்டு நூறு வருஷம் முன்பே இந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பழையசீவரத்தில் இறங்கி, மலையடிவாரத்து லட்சுமி நரசிம்மர் கோயிலைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் நடந்தால் அக்கரை திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். பொங்கலை ஒட்டிப் பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் இந்தப் பக்கம் எழுந்தருளும் நாளில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாளில் நீங்களும் தொல்லியல் துறைக் காவலாளியும் மட்டும்.

அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று ஓடுகிறது. பதினோராம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதபாடசாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. பதினைந்து பேர் படுக்க இடம். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயரோடு பதிந்திருக்கிறது. அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். இரவில் எரிய விளக்குக்கு எண்ணெய்.

சுவருக்கு மிக அருகில் நின்று, மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் எழுத்துகள் தூக்கலாகத் தெரிகின்றன. மன்னனின் மெய்க்கீர்த்தி வழக்கம்போல நீளமாகப் போகிறது. அதைத் தாண்டி வந்தால் நாவிதருக்கும் தண்ணீர்க்காரருக்கும் கூலி. அவர்களை விட்டுவிடலாம் என்று அந்தக் கணக்கெழுதியவருக்குத் தோன்றவில்லை. நம் ஸ்டேஷன்களின் கல்வெட்டுகளைப் பாருங்கள். அடிக்கல் நாட்டிய அமைச்சர், முன்னிலை வகித்த எம்.பி., பொது மேலாளர். கேங்மேன், பாயின்ட்ஸ்மேன், கேட் கீப்பர், பிளாட்பாரத்தில் தண்ணீர்ப் பானை வைத்த பெண், ஒருவர் பெயரும் இருக்காது. வாலாஜாபாத் ஸ்டேஷன் நூலில் ஓர் அத்தியாயத்தைத் திருமுக்கூடல் மாதிரி வெறும் பட்டியலாகவே விட்டுவிடலாமா என்று பாலத்தில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். யார், என்ன வேலை, என்ன சம்பளம், எந்தக் குவார்ட்டர்ஸ். உரைநடை வேண்டாம்.

அந்தப் பட்டியலை நிரப்புவது எளிதல்ல. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறையின் ரயில்வே நடவடிக்கைக் குறிப்புகள் உண்டு. ரயில்வே கம்பெனிக்கும் அரசுக்கும் நடந்த நிலக் கையகப்படுத்தல், பால மதிப்பீடு, சண்டை எல்லாம் அதில் கிடைக்கும். ஆள் கிடைக்கமாட்டார். ஸ்டேஷனில் எழுதப்பட்ட பதிவேடுகளுக்கு ஆயுள் உண்டு. இத்தனை ஆண்டு வைத்திருந்து அழித்துவிடலாம் என்று விதி இருக்கிறது, அழித்தும்விடுவார்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஸ்டேஷன் திறந்த தேதி, நிலத்தின் பரப்பு, அகலப் பாதை மாற்றத்தின் ஆணை எண் என்று துல்லியமாகக் கேட்டால் பதில் வர வாய்ப்புண்டு. "ஸ்டேஷனின் வரலாற்றைத் தருக" என்று கேட்டால் வராது. மிச்சத்துக்கு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களின் வீட்டு டிரங்குப் பெட்டிதான் கதி. சம்பளச் சீட்டு, பாஸ், மாற்றல் உத்தரவு, பிரிவு உபசாரப் போட்டோ. அந்தப் போட்டோவில் மாலையோடு நடுவில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு, பின்வரிசையில் நிற்பவர்களின் பெயரை முதலில் கேட்டு எழுதிவிட வேண்டும். அவர்கள் பெயரைத்தான் முதலில் மறப்பார்கள்.

தடயங்கள் தரையிலும் கிடக்கின்றன. நம் பழைய ஸ்டேஷன்கள் எதிலும் வேலித் தூண்களைக் கவனியுங்கள். தண்டவாளத்தை வெட்டி நட்டிருப்பார்கள். அதன் இடுப்பில் செங்கல் துண்டால் துருவைத் தேய்த்து, மேலே சாக்பீஸைப் படுக்கையாக வைத்துத் தீற்றினால் புடைப்பெழுத்துகள் எழும்பும். உருட்டிய ஆலையின் பெயர், மாதம், ஆண்டு, எடை. கரியால் காகிதத்தில் ஒற்றி எடுத்தால் அதுவே ஆவணம். இதைச் செய்யும்போது ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். முன்கூட்டியே ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது.

திரும்ப வாலாஜாபாத் கூட்ஸ் ஷெட் பக்கம் வந்தபோது லோடிங் நடந்துகொண்டிருந்தது. இதை நூலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முதலில் தயங்கியதுண்டு, பார்த்த பிறகு தயக்கம் போய்விட்டது. நின்றிருந்த ரேக்கைத் தூரத்திலிருந்து பார்த்தால் கூட்ஸ் வண்டி மாதிரி இருக்கிறது. கிட்டப் போனால் வடிவம் எங்கோ பார்த்த வடிவம். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பயணிகள் பெட்டிகள்தான். ஓடி ஓய்ந்தபின் இருக்கை, மின்விசிறி, கழிவறை எல்லாம் கழற்றி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, முன்னும் பின்னும் சுவரை எடுத்துக் கதவு வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பலகை விழுந்து பாலமாகிறது. கடைசிப் பெட்டியில் ஏறும் கார் ஒவ்வொரு பெட்டியாக உள்ளேயே ஓடி முதல் பெட்டியில் போய் நிற்கிறது. டிரைவர் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, சுவரில் உரசாமல், ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தக் குகைக்குள் போவதைப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுக் கதவை ஒருக்களித்துத் திறந்து, வயிற்றை எக்கி வெளியே வருகிறார். இந்தப் பையன்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். இவர்கள் பெயரும் பட்டியலில் வேண்டும்.

இங்கிருந்து 25 பெட்டிகளில் 125 ஹூண்டாய் கார்கள் உத்தரப்பிரதேசத்தின் நௌதன்வா ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து எல்லை தாண்டி நேபாளம் சேர்ந்திருக்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளுக்குள் ரயில் பாதை இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதுப் பாதை என்பது பத்தாண்டுக்கு மேலாகப் பேச்சாகவே இருக்கிறது. அதனால் கார்கள் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை வழியாக டிரெய்லரில் இங்கே வருகின்றன. யாத்ரீகர்களையும் நெல்லையும் மனத்தில் வைத்துப் போட்ட ஒரு கிளைப் பாதை, போட்டவர்கள் கனவிலும் நினைக்காத சரக்குக்குப் பயன்படுகிறது. இங்கே நின்ற மீட்டர் கேஜ் ஸ்டேஷனைப் போலவே, இந்தப் பெட்டிகளும் பயணிகள் வேலையிலிருந்து கழிக்கப்பட்டவைதான். ஆக, இந்த லோடிங் காட்சி பழைய ஸ்டேஷன் நூலின் கடைசி அத்தியாயம்.

இனி அச்சு. ஊர் வரலாற்று நூலை எந்தப் பெரிய பதிப்பகமும் ஆசையாக எடுக்காது. சொந்தச் செலவுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு நிறுவனம் கட்டணமின்றித் தருகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் படி அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. செய்யாவிட்டால் அடுத்த தலைமுறை ஆய்வாளர் தேடும்போது உங்கள் நூல் இருந்ததே தெரியாது. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் தனியாக ஒரு படி கொடுத்துவிடுவது நல்லது. துண்டுப் பிரசுரத்தைக்கூடப் பத்திரப்படுத்தும் இடம் அது.

வாழ்த்துரை கிடையாது. விழாவும் வேண்டாம். அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு வரை எல்லா ஸ்டேஷன் வாசல் டீக்கடைகளிலும் இரண்டிரண்டு படி, விலை ஐம்பதுக்குள். முதல் பதிப்பை மிகச் சிறிதாகவே அடிக்கப்போகிறேன், பணம் இல்லாததால் மட்டுமல்ல. புத்தகம் வெளிவந்த மறுநாள்தான் "எங்கப்பா அங்க பாயின்ட்ஸ்மேனா இருந்தாரே, அவர் பேரைக் காணோமே" என்று ஒருவர் வருவார். அப்படி வருபவருக்காகப் பின்னட்டைக்கு முன்னால் கோடு போட்ட வெற்றுத் தாள்கள் நாலு, கூடவே ஒரு முகவரி. அவர் எழுதி அனுப்பினால் இரண்டாம் பதிப்பில் அந்தப் பட்டியல் நீளும்.